கேட்டுவிட்டு நிற்பவர்

கேள்வி கேட்டால் அந்த அக்காவுக்குப் பதில் வேண்டும். நம்மில் பெரும்பாலோர் கேட்பதற்காகத்தான் கேட்கிறோம். "என்னங்க, சௌக்கியமா?" என்போம், பதில் வருவதற்குள் பஸ் ஏறிவிடுவோம். அவர் அப்படி இல்லை. கேட்டுவிட்டு, ஸ்வெட்டர் பைக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு நிற்பார். எதிரே இருப்பவர் பேச்சை வேறு எங்காவது கொண்டுபோனால் அதையும் தலையாட்டிக் கேட்பார். பேச்சு ஓய்ந்ததும், "அது சரிங்க. நான் கேட்டது?" என்பார். குரலில் சூடு இருக்காது. முகத்தில் சிரிப்பும் இருக்காது. ரேஷன் கடைக்காரர், பஸ் கண்டக்டர், தோட்டத்து மேனேஜர் எல்லோரும் அந்த 'நான் கேட்டது'க்குப் பதில் சொல்லித்தான் நகர்ந்திருக்கிறார்கள்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. தோட்டத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. சின்னவர்களுக்கு ஆயா, மற்றவர்களுக்கு அக்கா. நீலகிரியில், கட்டபெட்டிலிருந்து கீழே இறங்கும் சரிவில் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் லயங்களுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு நடுவே, கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் தங்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஓட்டுக் கட்டடம் ஒன்று இருந்தது. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் அதைப் பிள்ளைக் காம்பரா என்பார்கள். அக்காவும் சின்ன வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிலோனிலிருந்து வந்தவர்தான். அந்தக் காம்பராவில் பால் காய்ச்சுவதும், சோறு ஊட்டுவதும், தொட்டில் ஆட்டுவதும் அவர் வேலை.

என் வேலை கோத்தகிரியில், பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு மாடியில். வீட்டுக்குள் அடியும் மிரட்டலும் இருக்கிற குடும்பங்களுக்குச் சட்ட வழியும் ஆள்துணையும் தருகிற சின்ன அமைப்பு அது. நான் அன்னூர்ப் பக்கத்துக்காரி. கணவருக்கு இங்கே ஒரு டீ ஃபாக்டரியில் ஆபீஸ் வேலை கிடைத்ததால் மலையேறியவள். அக்கா முதன்முதலில் எங்கள் மாடிக்கு வந்தபோது, படி ஏறி வருகிற எல்லாப் பெண்களையும் போலத்தான் அவரையும் நினைத்தேன். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாகக் கேட்டேன்.

"உங்க ஊட்டுக்காரர் அடிக்கறாருங்களா?"

"இல்லீங்களே."

"மகன், மருமகன் யாராச்சும்..."

"எங்க ஊட்ல ஒருத்தரும் அடிக்கல தங்கச்சி. எங்க லயத்துல அடிக்கிறாங்க. அதை எப்படி நிறுத்தறது?"

புகார் எங்கே கொடுப்பது, பாதுகாப்பு அலுவலர் என்ன செய்வார், கோர்ட்டில் என்ன கேட்கலாம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"இதெல்லாம் அடிச்சதுக்கு அப்புறம் செய்யறது. நான் கேட்டது அடிக்கிறதுக்கு முன்னால."

"அதுக்கு நாங்க உங்க லயத்துக்கு வரணுங்க்கா."

"எப்ப வருவீங்க?"

"சீக்கிரம் வர்றோம்."

"எந்தக் கிழமை?"

வியாழக்கிழமை என்று சொன்ன பிறகுதான் எழுந்தார்.

அந்த வியாழக்கிழமை நாங்கள் வழக்கம்போலப் பெண்களை மட்டும் ஓர் அறையில் கூட்டிவைத்துப் பேசுவதாகத் திட்டம். அக்கா அதை ஒப்புக்கொள்ளவில்லை. "அடிக்கிறவங்கள வெளிய நிறுத்திட்டு, அடி வாங்கறவங்களுக்கு மட்டும் பாடம் நடத்துனா எப்படி?" என்றார். சாயங்காலம் கொழுந்து எடை போடும் கொட்டகைக்கே எங்களைக் கூட்டிப்போனார். அங்கே பறிக்கும் பெண்கள், மூட்டை தூக்கும் ஆண்கள், வேன் டிரைவர்கள் எல்லோரும் இருந்தார்கள். நனைந்த இலை வாசனையும் டீசல் புகையுமாக இருந்த அந்த இடத்தில் நின்றுதான் நான் பேசினேன். எத்தனையோ கூட்டங்கள் நடத்தியிருக்கிறேன். ஆண்கள் பீடியை அணைத்துவிட்டுக் கேட்ட முதல் கூட்டம் அதுதான்.

அக்காவுக்கு லயத்து வீடுகளின் நிலவரம் பிள்ளைகள் வழியாகத் தெரிந்துவிடும். பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்வதில்லை, விளையாடிக் காட்டிவிடுகின்றன. தர்ஷினி என்று ஒரு குழந்தை. மரப்பொம்மையை மூலையில் உட்காரவைத்து அதன் வாயைப் பொத்தி, "சத்தம் போடாத, வண்டி வந்துருச்சு" என்று சொல்வாளாம். அவள் அப்பா சுரேஷ் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குக் கொழுந்து ஏற்றிப்போகும் பிக்கப் வேன் ஓட்டினான். அம்மா லோகா அதே தோட்டத்தில் நிரந்தரத் தொழிலாளி.

சுரேஷ் பார்க்க நல்ல பையன். பெரியவர்களைக் கண்டால் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்வான். அக்காவின் காம்பராவிலேயே வளர்ந்தவன்தான். அவன் அப்பாவும் அம்மாவை அடித்தவர். ஊருக்கே தெரிந்த அடி அது. அந்த அம்மா இறந்தும் வெகுகாலம் ஆகிவிட்டது.

ஒருநாள் எடை போடும் நேரம். நானும் அங்கே இருந்தேன். லோகா தலைத்துண்டைக் கன்னம் மறைய இழுத்துக் கட்டியிருந்தாள். அக்கா பால் தூக்கோடு வந்தவர், வேனில் சாய்ந்து நின்ற சுரேஷிடம் நேரே போனார்.

"சுரேஷு, லோகாவ ஏன்டா அடிச்ச?"

அவன் சிரித்தான். "யாருக்கா சொன்னா?"

"அவ மூஞ்சி சொல்லுது. ஏன் அடிச்ச?"

"அது ஊட்டு விஷயம்க்கா."

"சரி. ஊட்டு விஷயத்துக்கு ஏன் அடிச்ச?"

சுற்றியிருந்தவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுரேஷுக்கு முகம் மாறியது. மழை வருமா, இன்றைக்குக் கொழுந்து கம்மிதானே என்று ஏதேதோ பேசினான். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு நின்றார். எடை போடுகிறவர் தராசை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கூடைகள் அப்படியே நின்றன.

"போனுக்கு சார்ஜ் போடச் சொல்லியிருந்தேன். போடல. கேட்டா எதுத்துப் பேசுனா" என்றான் கடைசியில்.

"போனுக்காகவா?" என்றார் அக்கா.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சுரேஷ் கதவை அறைந்து சாத்திவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். எனக்கு உடம்பெல்லாம் ஒரு தெம்பு. இப்படி ஊருக்கு ஓர் ஆள் இருந்தால் போதும் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் லோகா பெரட்டுக்கு வரவில்லை. காலையில் ஆள் பிரித்து வேலைக்கு அனுப்புவதைத்தான் பெரட்டு என்பார்கள். அதற்கு வராவிட்டால் அன்றைய வேலை இல்லை. அக்கா லயத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். லோகா கதவைப் பாதிதான் திறந்தாளாம்.

"நீங்க கேட்டுட்டுப் போயிட்டீங்கக்கா. பதில அவரு எனக்குத்தான் குடுத்தாரு."

அக்கா அன்றைக்கே எங்கள் மாடிக்கு வந்தார். கீழே பஸ்கள் மேட்டுப்பாளையத்துக்குக் கிளம்புகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் தப்புப் பண்ணிட்டேன் தங்கச்சி. கேள்வி என்னுது, அடி அவளுக்கு."

நான் ஆறுதல் சொல்லவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. இந்த வேலையில் நாங்கள் எல்லோரும் கற்றுக்கொண்ட ஒன்றைத்தான் சொன்னேன். அடிக்கிறவனை வெளியில் வைத்து அவமானப்படுத்தினால் அந்தக் கோபம் வீட்டுக்குள்தான் திரும்பும். அதனால் எதைச் செய்வதானாலும் அடிபடுகிற பெண் என்ன நினைக்கிறாள் என்பதுதான் முதலில். எந்த நேரம் ஆபத்து, எந்தக் கதவு பத்திரம் என்று நம்மைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அக்கா கேட்டுக்கொண்டார். நேராகத் திரும்பிப் போய் லோகாவின் வாசலில் நின்றார்.

"இனிமே உன்னைக் கேக்காம அவன்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன். இப்ப நான் என்னா செய்யணும்?"

"ஒண்ணும் வேணாம். போங்க."

"சரி" என்று வந்துவிட்டார். ஆனால் கேள்வியை விடவில்லை. அதைத் தேய்த்துத் தேய்த்து ஒரே சொல்லாக ஆக்கிக்கொண்டார். தினமும் காலையில் லோகா பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது, தர்ஷினியைக் கையில் வாங்கிக்கொண்டே, "இன்னைக்கு?" என்பார். லோகா வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு ஓடிவிடுவாள். மறுநாள், "இன்னைக்கு?" மற்றவர்களுக்கு அது பிள்ளைக்கு இன்றைக்கு என்ன சாப்பாடு என்று கேட்பதுபோல இருக்கும்.

மழைக்காலம் தொடங்கும்வரை தலையாட்டல்தான். ஒரு காலையில் லோகா ஓடாமல் நின்றாள்.

"சத்தம் கேட்டா யாராச்சும் வந்து கதவத் தட்டுங்கக்கா. எதையாச்சும் கேளுங்க. அடிக்காதேன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவ்வளவுதான் அவள் கேட்டது. அக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். லோகாவின் வீட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த வீடுகளில் சொல்லிவைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் குரல் உயர்ந்தால் போதும், ஒருத்தி போய்க் கதவைத் தட்டி, "லோகா, கொஞ்சம் கறிவேப்பிலை இருக்கா?" என்பாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி தீப்பெட்டி கேட்டு வருவாள். அப்புறம் ஒரு பெரியவர் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டு வருவார். பெண்கள் மட்டும் போனால் பலிக்காது என்று அக்காவுக்குத் தெரியும். பெள்ளி அண்ணனையும் சேர்த்துக்கொண்டார். அவர் மேலே ஹட்டியில், படுகர்களின் ஊரில், இருக்கும் படுகர். சுரேஷைப் போலவே கொழுந்து வேன் ஓட்டுகிறவர். சாயங்காலம் வண்டியை லயத்துக்குப் பக்கத்தில்தான் நிறுத்துவார். அவர் வந்து ஜாக்கி கேட்பார், ஸ்பேனர் கேட்பார், கேட்டதை வாங்கிக்கொண்டும் போகாமல் வாசலிலேயே நின்று பிரேக் ஆயில் பற்றிப் பேசுவார்.

"என்னண்ணா, என் ஊட்டுல என்ன மளிகைக் கடையா நடத்தறேன்?" என்று சுரேஷ் ஒருநாள் கத்தியிருக்கிறான்.

"கடைன்னா இந்நேரம் மூடியிருக்குமே தம்பி" என்றாராம் பெள்ளி அண்ணன்.

இதைச் சொல்லி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

கறிவேப்பிலை கேட்டுவிட்டால் அடி நின்றுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். நிற்கவில்லை. ஆனால் குறைந்தது. கதவு தட்டப்படும் என்று தெரிந்த வீட்டில், கை ஓங்குவதற்கு முன் காது வாசலுக்குப் போய்விடுகிறது. அந்த ஒரு கண நேரத்தில் லோகாவால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட முடிந்தது. வேறு வீட்டுப் பெண்களும் அக்காவிடம் வந்து, "எங்க ஊட்டுலயும் கறிவேப்பிலை இருக்குங்கக்கா" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அதற்கு மேல் யாரும் எதையும் விளக்கவில்லை. விளக்கச் சொல்லி அக்காவும் கேட்கவில்லை. அவர் கேள்வி கேட்காத இடம் அது ஒன்றுதான்.

அடி வாங்கி வாங்கித்தான் அக்கா இப்படி ஆனார் என்று தோட்டத்தில் பலர் நினைத்தார்கள். நானும் கொஞ்சநாள் அப்படித்தான் நினைத்தேன். ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அவருடைய கணவரைப் பார்த்தேன். டீ ஃபாக்டரியில் பாய்லர் பார்க்கிறவர். ஒடிசலான, வெட்கப்படுகிற மனிதர். எங்களுக்கு டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனார். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் கேட்டுவிட்டேன்.

"அவரு உங்க மேல கை வெச்சதே இல்லீங்களா?"

"ஒருநாளும் இல்ல."

"உங்கப்பா?"

"எங்கப்பா எங்கம்மாவுக்குத் தல சீவி விடுவாரு தங்கச்சி." டீயை ஒரு வாய் குடித்தார். "ஏன், அடி வாங்குனவங்க மட்டுந்தான் கேக்கணுமா?"

கேட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "யார் வேணாலும் கேக்கலாங்க" என்று நான் சொன்ன பிறகுதான் முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

லோகா வீட்டைவிட்டு வெளியே வந்தது குளிர் தொடங்கிய சமயம். மேல் லயத்தில் கூடவே கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணின் வீட்டில் பிள்ளையோடு தங்கினாள். அதற்கு முன்பும் வெளியே வந்திருக்கிறாள், திரும்பிப் போயிருக்கிறாள். திரும்பிப் போகும் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வரும். அக்காவுக்கு வராது. மறுநாள் காலையில் பிள்ளையை வாங்கிக்கொண்டு அதே "இன்னைக்கு?" தான். அதனால்தான் லோகாவால் ஒவ்வொரு தடவையும் கூச்சமில்லாமல் மறுபடி வர முடிந்தது.

இந்தத் தடவை அவள் மேல் லயத்தில் இருந்தபோது, ஒருநாள் மத்தியானம் மூடுபனி காம்பராவின் ஜன்னல்வரை வந்திருந்தது. பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன. சுரேஷின் வேன் வந்து நின்றது. குடித்திருந்தான். நடந்ததை எனக்குச் சொன்னவர்கள் அங்கே கூடியிருந்த பெண்கள்.

"தர்ஷினியக் குடுங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

பிள்ளையைத் தூக்கிப்போனால் லோகா தானாக வருவாள் என்பது அவன் கணக்கு. அக்கா கதவை வெளியே இழுத்துச் சாத்திவிட்டு அதன் முன்னால் நின்றார்.

"பிள்ள தூங்குது. எங்க கூட்டிட்டுப் போகப் போற?"

"என் பிள்ள. எங்க வேணாலும் போவேன்."

"சரி. எங்க?"

"தள்ளுங்கக்கா."

"எங்க கூட்டிட்டுப் போகப் போறன்னு கேட்டேன்."

மேட்டுக்காட்டில் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் கேட்டு, முதுகில் கூடையோடு பாதைக்கு இறங்கினார்கள். பெள்ளி அண்ணன் தன் வண்டியைக் கொண்டுவந்து சுரேஷின் வேனுக்குப் பின்னால், அது நகர முடியாதபடி நிறுத்தினார். சுரேஷ் ஆட்களைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். பிறகு அக்காவின் தோளைப் பிடித்து ஒரே தள்ளு. அவர் படியில் விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிந்துவிட்டது. உள்ளே பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக அழத் தொடங்கின. பெள்ளி அண்ணன் சுரேஷைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். அடிக்கவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் நின்றார். லோகா ஓடிவந்து பின்வாசல் வழியாகப் பிள்ளையை எடுத்துக்கொண்டாள்.

இத்தனை பொறுமைசாலி இதையும் பொறுத்துக்கொள்வார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கையில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவர் போனது போலீஸ் ஸ்டேஷனுக்கு. எனக்குப் போன் வந்தது, நானும் போனேன். நடந்ததை நடந்தபடி சொல்லி எழுதிக் கொடுத்தார். மறுநாள் தோட்டத்தில் செல்வாக்குள்ள சில பெரியவர்கள் பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தார்கள். நான் அங்கேதான் இருந்தேன்.

"விடுங்க ஆயாம்மா. குடிச்சிட்டு ஏதோ தெரியாம பண்ணிட்டான். நம்ம பையன்" என்றார் ஒருவர்.

"நம்ம பையந்தாங்க" என்றார் அக்கா. "அந்தக் காம்பராவுல நான் சோறூட்டி வளந்தவன். அவங்கப்பன் அவங்கம்மாவ அடிக்கிற அன்னைக்கெல்லாம் எம் மடியிலதான் வந்து படுத்துக்குவான். அப்பவும் நீங்கல்லாம் பழம் வாங்கிட்டு அவங்கம்மாகிட்ட இதையேதான் சொன்னீங்க. நம்ம பையன், விட்டுருன்னு. விட்டோம். அவன் பையன் இப்ப என் கைய ஒடச்சிருக்கான். இன்னும் எத்தன பையங்கள விடறது?"

கேட்டுவிட்டு அவர்களைப் பார்த்தார். பெரியவர் கூரையைப் பார்த்தார். அக்காவின் கணவர் டீ கொண்டுவந்து வைத்தார். டீ ஆறி ஆடை கட்டியது. "கேச வாபஸ் வாங்கச் சொல்லி நாங்க வரல" என்று ஒருவர் மெல்லச் சொன்னார். "பின்ன எதுக்கு வந்தீங்க?" என்றார் அக்கா. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல. அவர்கள் கையைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்கள்.

கட்டுப் போட்ட கையோடு இரண்டே வாரத்தில் வேலைக்கு வந்துவிட்டார். இடது கையால் ஊட்டினார். அதைப் பார்த்துக்கொண்டே பிள்ளையை விட்டுவிட்டுப் போவாள் லோகா. ஒருநாள் வேலை முடிந்து அவள் தனியாகவே எங்கள் மாடி ஏறி வந்தாள். யாரும் கூட்டிவரவில்லை. மழையில் நனைந்திருந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காராமலே பேசினாள்.

"அக்கா ஒரு தடவ விழுந்ததுக்கு உடனே எழுதிக் குடுத்துட்டாங்க. அப்படிக் குடுக்கலாம்னு எனக்கு நேத்துவரைக்கும் தோணவே இல்லீங்க மேடம். அடின்னா ஏதோ எனக்குன்னு எழுதுனதுன்னு இருந்துட்டேன்."

"இப்ப என்ன பண்ணணும்னு நெனக்கறீங்க?"

"அவரு இல்லாம இருக்கணும். ஆனா எங்க போறது? எத்தன நாளைக்கு அடுத்தவங்க ஊட்ல இருக்கறது?"

"லயத்து ஊடு யாருக்குக் குடுத்ததுங்க?"

"தோட்டத்து ஊடுங்க. எனக்கு வேலை இருக்கறதால குடுத்தது. அவருக்குத் தோட்டத்துல வேலை இல்லையே."

"அப்புறம் நீங்க எதுக்குங்க வெளிய போகணும்?"

லோகா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவே முடியாது. அடிக்கிறவனை வீட்டுக்குள் விட்டுவிட்டு அடிபடுகிறவள் பிள்ளையோடு தெருவில் நிற்பதுதான் முறை என்று நாம் எல்லோரும் எப்படியோ பழகிவிட்டோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பாதுகாப்பு அலுவலர் மூலமாக மனுப் போட்டோம். கோர்ட்டுக்கு அலைந்தோம். அக்காவும் லீவு போட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கடைசியில், சுரேஷ் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது, லோகாவைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் பொது இடத்தில் பிள்ளையைப் பார்க்கலாம். லோகா தன் வீட்டுக்குத் திரும்பினாள். முதல் வேலையாகக் கதவின் உடைந்த கொண்டியை மாற்றினாள். அக்கம்பக்கத்தில் அன்று எல்லோருக்கும் பாயசம்.

அக்கா கொடுத்த கேஸ் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, சுரேஷ் மேட்டுப்பாளையத்துக்குப் போய்க் காய்கறி லோடு ஓட்டினான். எங்கள் அமைப்பில் ஆண்களுக்கென்று நடத்தும் கூட்டத்துக்குப் பெள்ளி அண்ணன் அவனை அழைத்து வருவார். சில வாரம் வருவான், சில வாரம் வரமாட்டான். குடியை விட்டான், மறுபடி தொட்டான், மறுபடி விட்டான். ஆள் மாறிவிட்டான் என்று நான் எழுதினால் அது பொய். கோபம் வந்தால் எழுந்து வெளியே போய்விடக் கற்றுக்கொண்டிருந்தான். அதுவரைக்கும் உண்மை.

அக்கா இப்போது இங்கே இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டை ஒப்படைத்துவிட்டு, அருவங்காட்டில் மருமகனின் குவார்ட்டர்ஸுக்குக் கணவரோடு போய்விட்டார். அவரை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது அந்த ஓய்வு நாளோ, போலீஸ் ஸ்டேஷனோ இல்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

தர்ஷினியை அப்பா பார்ப்பதற்காக ஞாயிறுதோறும் அக்கா பிள்ளைக் காம்பராவைத் திறந்து வைப்பார். அன்றைக்கு சுரேஷ் ஏதோ முக்கியமாகப் பேசவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்ததால் லோகா என்னையும் வரச்சொல்லியிருந்தாள். வெயில் அடித்தது. நாங்கள் வராந்தாவில் இருந்தோம். சுரேஷ் சட்டையை இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரி வந்திருந்தான். கையில் ஒரு பை நிறைய வர்க்கி பிஸ்கட். பிள்ளையோடு கொஞ்சநேரம் விளையாடினான். பிறகு எழுந்து அக்காவின் முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, நான் திரும்ப வந்துடறேன். இப்பல்லாம் குடிக்கறதில்ல. நீங்க ஒரு வார்த்த சொன்னா இவ கேப்பா."

"நான் எதுக்குச் சொல்லணும்? ஊடு அவளுது. அவளக் கேளு."

அவன் லோகாவின் பக்கம் திரும்பினான். அவளை ஒன்று கேட்டுவிட்டு அவன் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வரட்டுமா?"

எனக்கு நாக்கு நுனிவரை வார்த்தை வந்துவிட்டது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார், அடக்கிக்கொண்டேன். அவர் தேயிலைச் செடிகளைப் பார்த்தபடி இருந்தார். லோகாவுக்காக யாரும் பேசவில்லை.

"வேணாம்" என்றாள் லோகா.

"எப்பவுமேவா?"

"இப்ப வேணாம். அப்புறம் வரலாம்னும் நான் சொல்லல."

சுரேஷின் கை பையை இறுக்கியது. உள்ளே வர்க்கி நொறுங்கும் சத்தம் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். சாலையில் வண்டியோடு நின்றிருந்த பெள்ளி அண்ணன் கதவைத் திறந்து இறங்கினார். சுரேஷ் மூச்சை இழுத்து விட்டான். குனிந்து, பையைப் பிள்ளையின் கையில் கொடுத்தான். "அப்பா அடுத்த ஞாயித்துக்கிழம வர்றேன் சாமி" என்று அவள் தலையைத் தொட்டுவிட்டு, பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தான்.

அக்கா அவன் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்கம்மாவுக்கு வேணாம்னு ஒரு வார்த்த சொல்ல வாய்க்கவே இல்ல தங்கச்சி. இவன் காதால கேட்டுட்டு, கைய மடக்கிட்டுப் போறான் பாருங்க."

லோகா அவனையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. சரியாகச் சொன்னேனா என்று யாரிடமும் கேட்கவும் இல்லை. படியில் உட்கார்ந்து, பிள்ளையின் பைக்குள் கைவிட்டு ஒரு பாதி வர்க்கியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மெல்ல மென்று முடித்தாள்.

"ஏங்கக்கா, நாளைக்குப் பெரட்டு சீக்கிரமாமே, நெசமாவா?" என்றாள்.